ஹபானாவைத் தாண்டிய ஓட்டம்

2007 செப்டம்பர் 30. பிரான்சின் மோன்பெலியே நகரில் ரக்பி உலகக் கோப்பை ஆட்டம். தென்னாப்பிரிக்க அணி அமெரிக்காவின் எல்லைக்கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. டாட் கிளெவர் என்ற அமெரிக்க வீரர் குறுக்கே புகுந்து பந்தைப் பறித்து ஓடினார். அலெக் பார்க்கர், மைக் ஹெர்கஸ் எனக் கை மாறிய பந்து, ஹெர்கஸின் நீண்ட வீச்சில் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே நின்றவர் 22 வயது டக்குட்ஸ்வா என்குவென்யா.

அவரை மறித்தவர் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா. சிறுத்தையோடு ஓட்டப்பந்தயமே ஓடிய மனிதர். என்குவென்யா ஒரு கணம் வேகத்தைக் குறைத்து, உள்பக்கம் திரும்பப் போவதுபோல் காட்டினார். ஹபானாவின் கால் தடுமாறியது. அந்தத் தடுமாற்றம் போதும். வெளிக்கோட்டை ஒட்டிப் பாய்ந்தவரை ஹபானாவால் பிடிக்க முடியவில்லை.

ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் தரலாம். எனவே முன்னேறுவது பெரும்பாலும் கால்களின் வேலை. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால் அது 'ட்ரை', 5 புள்ளி. சொந்தக் கோட்டருகே பறித்த பந்தை மறுகோடி வரை கொண்டுபோய் ஊன்றுவது எத்தனை அரிது என்பது இதிலிருந்தே புரியும்.

அந்த ஆட்டத்தில் அமெரிக்கா 15-64 எனத் தோற்றது. அந்தத் தொடரில் ஆடிய நான்கிலும் தோல்விதான். ஆனாலும் சர்வதேச ரக்பி வாரியம் அந்த ஆண்டின் சிறந்த ட்ரையாக என்குவென்யா ஊன்றியதைத்தான் தேர்ந்தெடுத்தது. சரியான தேர்வு.

என்குவென்யா பிறந்தது ஜிம்பாப்வேயின் ஹராரேயில். பிறகு டெக்சாஸுக்கு வந்து டல்லாஸில் கிளப் ஆட்டம் ஆடினார். அமெரிக்காவில் பிறக்காதவர் எப்படி அதன் சட்டையை அணிந்தார்? ரக்பியில் பிறப்பு, பெற்றோர், தாத்தா பாட்டி வழி உரிமைகளோடு, வசிப்பு வழியும் உண்டு. அன்று தொடர்ந்து 36 மாதம் வசித்தால் போதும். இன்று அது 60 மாதம்.

அன்றைய அமெரிக்காவில் ரக்பிக்குத் தொழில்முறை லீக் கிடையாது. உலகக் கோப்பையில் ஆடியவரும் பிழைப்புக்கு வேறு வேலை தேட வேண்டும், அல்லது கடல் கடக்க வேண்டும். என்குவென்யா கடல் கடந்தார். பிரான்சின் பியாரிட்ஸ் கிளப்பில் சேர்ந்து, தன் ஆட்டத்தின் நல்ல ஆண்டுகளை அங்கேயே கழித்தார். 2010இல் அந்த அணி ஐரோப்பாவின் ஹெய்னகன் கோப்பை இறுதிப்போட்டி வரை போய், துலூஸிடம் 19-21 என இரண்டே புள்ளியில் தோற்றது. 2011, 2015 உலகக் கோப்பைகளிலும் அமெரிக்காவுக்காக இறங்கினார்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. உலகம் பார்த்த ஓர் ஓட்டம் அவருக்குக் கதவைத் திறந்தது. ஆனால் யார் கண்ணிலும் படாத ஆட்டங்களில் அதே வேகத்தில் ஓடிய மற்ற அமெரிக்க இளைஞர்களுக்கு அந்தக் கதவு எங்கே இருந்தது? அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் ரக்பி 2018இல்தான் தொடங்கியது.

2031 ஆண்கள் உலகக் கோப்பை அமெரிக்க மண்ணில் நடக்கவிருக்கிறது. அதற்குள் அந்நாட்டு வீரர்களுக்குச் சோறு போடும் லீக் ஒன்று அங்கேயே வேரூன்றியாக வேண்டும்.