பழைய சி70-இல் டைமிங் செயின் சத்தம்

சுங்கை பூலோவின் நாற்றுப் பண்ணைகளிலும் ரப்பர் தோட்டங்களிலும் அப்பாக்களும் தாத்தாக்களும் ஓட்டிய ஹோண்டா சி70கள் இப்போது பேரப்பிள்ளைகள் கைக்கு வந்து, எஞ்சின் பிரித்துக் கட்டப்படுகின்றன. புது பிஸ்டன், புது ரிங், புது செயின் என்று எல்லாம் போட்டு ஸ்டார்ட் செய்தால் இடப்பக்கம் சரசரவென்று சத்தம் வருகிறது. உடனே டென்ஷனரை இறுக்கிவிடுகிறோம். அது முதலில் செய்ய வேண்டிய வேலையே அல்ல.

1958-இல் வந்த முதல் சூப்பர் கப்பில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. அதில் வால்வுகளைத் தள்ளுதண்டுகள் இயக்கின. பின்னால் கேம் ஷாஃப்ட் எஞ்சின் தலைக்கு ஏறியதால் கிராங்கிலிருந்து அதைச் சுழற்ற ஒரு மெல்லிய செயின் தேவைப்பட்டது. அது சிலிண்டரின் இடப்பக்கச் சுரங்கத்தில் ஓடுகிறது. நடுவே ஒரு ரப்பர் ரோலர் வழிகாட்ட, கீழே மேக்னெட்டுக்குப் பின்னால் இருக்கும் டென்ஷனர் தொய்வை வாங்கிக்கொள்கிறது.

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வையுங்கள். எஞ்சின் தலையில் சீராக 'டிக் டிக்' என்று கேட்டால் டேப்பட்டைப் பாருங்கள்; எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வலப்பக்கம் கேட்டு, கியர் போட்டதும் மாறினால் கிளட்ச் பக்கம் தேடலாம். செயின் சத்தம் இப்படி ஒழுங்காக வராது. ஐட்லிங்கில் சலசலக்கும், த்ராட்டிலை முறுக்கிச் சட்டென்று விடும்போது கூடும். ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடி கேட்டு அடங்கினால் கவலை வேண்டாம், எண்ணெய் ஏறும் நேரம் அது.

செயின்தான் என்று உறுதியானால் வடித்த எண்ணெயைப் பாருங்கள். கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் மிதந்தால் ரோலர் தேய்ந்துகொண்டிருக்கிறது. செயினை மட்டும் புதிதாக்கி, கல்லாய் இறுகிய பழைய ரோலரையே திரும்ப மாட்டுவது நம் பட்டறைகளில் சாதாரணம். சில வெள்ளி மிச்சம் பிடிக்க முழு வேலையையும் கெடுத்துக்கொள்கிறோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். சிலிண்டரைக் கழற்றினால் சுரங்கத்தின் உட்சுவரையும் பாருங்கள். அலுமினியத்தில் பளபளக்கும் கீறல் இருந்தால் செயின் அங்கே அடித்திருக்கிறது.

பிரித்துக் கட்டிய எஞ்சினுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. எஞ்சின் தலையையோ சிலிண்டரையோ சமப்படுத்த 0.5 மில்லிமீட்டர் சீவினாலும், மெல்லிய கேஸ்கெட் போட்டாலும் கேமும் கிராங்கும் நெருங்கிவிடும். செயின் இரு பக்கமும் ஓடுவதால் தொய்வு அதைப் போல இரட்டிப்பாகும். இடப்பக்க வட்ட மூடியைக் கழற்றி, மேக்னெட்டில் 'டி' கோட்டை நேராக்கிவிட்டு, கேம் பல்சக்கரத்தின் 'ஓ' குறி எஞ்சின் தலையின் வெட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு முழுப் பல் தள்ளியிருந்தால் மாட்டியதே தவறு. கொஞ்சம் மட்டும் விலகியிருந்தால் சீவலோ நீண்ட செயினோ காரணம்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் டென்ஷனர். பழைய வகையில், எஞ்சின் ஓடும்போது இடப்பக்க லாக் நட்டையும் போல்ட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானாகவே தொய்வை எடுத்துக்கொள்ளும், பிறகு இறுக்கிவிடலாம். சத்தம் அடங்கவில்லை என்றால் அடியில் உள்ள 14 மில்லிமீட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பக்கத்தில் இருக்கும் 17 மில்லிமீட்டர் போல்ட் எண்ணெய் வடிக்கும் போல்ட். அதைத் தொட வேண்டாம். சத்தம் மறைந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முடுக்கினால் செயின் விறைத்து ரோலரைத் தின்னும், சீக்கிரமே வீரிடும் சத்தம் கேட்கும். இந்த இடப்பக்க போல்ட் இல்லாத பிந்திய வகையில் டென்ஷனரின் தள்ளுதண்டுக்கு உள்ளே எண்ணெய் நிரம்பியிருக்க வேண்டும். வெறுமையாக மாட்டினால் ஸ்பிரிங் மட்டும் துள்ளி, புதுச் செயினும் சலசலக்கும்.