உள் ஓரத்தைப் பார்த்தீர்களா?

தைப்பூசம் முடிந்த மறுவாரம், சின்னவனுக்கு மொட்டை போட எங்கள் காரில் பழனிக்குப் போனோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதிலிருந்தே வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. "என்னங்க, ஒரு பக்கமாவே போகுதே" என்றேன். "ரோடு அப்படி, நீ சும்மா வா" என்று விட்டார் என் கணவர்.

திரும்பும்போது காற்றடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கச் சொல்லி, இடது முன் டயரைக் காட்டினார். வெளிப்பக்கம் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. உள் ஓரமோ வழவழவென்று தேய்ந்து, கம்பி எட்டிப் பார்க்கிறது! பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதிலா 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தோம் என்று எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

எப்போதோ பள்ளத்தில் விட்டதில் அலைன்மென்ட் போயிருக்குமாம். காற்று அதிகமானால் டயர் நடுவில் தேயும், குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், அலைன்மென்ட் கெட்டால் ஒரு ஓரம் மட்டும் தேயும் என்றார். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கார் ஓட்டுவதே சட்டப்படி தப்பு. மழையில் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். செருப்பு ஒரு பக்கம் தேய்ந்தால் உடனே கண்ணில் படுகிறது, இது படவில்லையே!

பள்ளிக்கூட ஃபீஸுக்கு எடுத்து வைத்த பணம் இரண்டு டயருக்கும் அலைன்மென்டுக்கும் போயிற்று.

எவ்வளவு காற்று வேண்டும் என்று டிரைவர் கதவுப் பக்கமே ஒட்டியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அதைப் படித்ததே இல்லை. இப்போது மாதம் ஒரு நாள் காலையில் அவர் ஸ்டியரிங்கை ஒடிக்க, நான் குனிந்து உள் ஓரத்தைப் பார்த்துவிடுகிறேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.