சிறுவாடு

அம்மாயி காலமான மூன்றாம் நாள், இறப்பைப் பதிவு செய்யும் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், வயது, கணவர் பெயர் என்று மளமளவென எழுதிக்கொண்டு வந்தவன், 'தொழில்' என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு என்ன தொழிலு? இல்லைன்னு போடு மாப்ள" என்றார். போட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். அப்போது எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது அம்மாயி வாழ்ந்த தோட்டம். நாலரை ஏக்கர். அரசாங்கக் கணக்கில் 5 ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. ஆகவே அம்மாயியின் கணவர், எங்கள் அப்பிச்சி, சிறு விவசாயி. அதில் ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். மீதியில் பாதி வானம் பார்த்த காடு, பாதி கொரங்காடு. வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். இருந்த இடத்தை விட்டு அசையாமலேயே அந்த நிலம் மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டது: கோவையில் இருந்தது, 1979-ல் ஈரோட்டுக்குப் போனது, 2009-ல் திருப்பூருக்கு வந்தது.

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எங்களைப் பஸ் ஏற்றிவிடுவார் அம்மா. சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருக்கும். அம்மாயி கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருப்பார். கையைக்கூடக் கழுவாமல், முழங்கையால் என்னை அணைத்து, "என்ற சாமி, வந்துட்டியா" என்பார். அந்தச் சாணி வாசனையோடுதான் எனக்கு ஒவ்வொரு கோடை விடுமுறையும் தொடங்கியது.

காலை நாலு மணிக்கு அவர் எழுந்த சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. நான் கண் விழிக்கும்போது எருமை கறந்து, தயிர் கடைந்து, வெண்ணெய் உருண்டை மோரில் மிதந்துகொண்டிருக்கும். வாரம் ஒருமுறை சைக்கிளில் வெண்ணெய்க்காரர் வருவார். ஊத்துக்குளி வெண்ணெய் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியதில் இப்படிப் பல தோட்டத்து எருமைகளுக்கும் பங்குண்டு. அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எத்தனை சேர் போட்டோம் என்பதற்கு அடுப்படிச் சுவரில் கரிக்கோடு கிழித்து வைப்பார். வெண்ணெய்க்காரர் கையில் நோட்டு இருக்கும். நோட்டும் சுவரும் ஒத்துப்போகாத வாரத்தில் சுவர்தான் ஜெயித்தது.

காங்கேயம் மாடுகளைப் பற்றி ஒரு சங்கதியை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதம் போல ஆனதும் அந்தச் சிவப்பு வெளிறி, சாம்பல் நிறமாக மாறத் தொடங்கும். ஒரு விடுமுறையில் செவலையாக விட்டுவந்த கன்று அடுத்த விடுமுறையில் வெள்ளையாக நின்றதும், என் கன்றை விற்றுவிட்டார்கள் என்று ஒரு மணி நேரம் அழுதேன். அம்மாயி அதன் காதைப் பிடித்து, உள்பக்கம் இருந்த மச்சத்தைக் காட்டித்தான் என்னைச் சமாதானம் செய்தார்.

கொரங்காட்டை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தரிசு நிலமல்ல, மேய்ச்சலுக்கென்றே வளர்க்கப்படும் நிலம். சுற்றிலும் கிளுவைப் போத்துகளை நட்டு உயிர்வேலி போட்டிருப்பார்கள். ஒரு மழை விழுந்தால் உள்ளே கொழுக்கட்டைப் புல் தானாகத் தழைக்கும். அங்கங்கே வெள்வேல மரங்கள். கோடையில் புல் காய்ந்து கருகிய பிறகு, உதிரும் வெள்வேலங்காய்தான் ஆடுகளுக்குத் தீவனம். காலையில் படலைத் திறந்து செம்மறிகளை உள்ளே விட்டால் போதும், மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். மழை குறைந்த பூமியில் மாடும் ஆடும் பஞ்சம் தாண்டிப் பிழைக்க அந்த ஊர்க்காரர்கள் கண்ட வழி இது. இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் பெயர் இருக்காது. இருந்தாலும் அது ஓர் அம்மாயியின் பெயராக இருக்காது.

வேலியில் ஓட்டை விழுந்தால் போத்து வெட்டி நட்டவர் அம்மாயிதான். செம்மறி விற்ற பணம் அப்பிச்சியின் பச்சை பெல்ட்டுக்குள் போகும். வெள்ளாடு மட்டும் அம்மாயியுடையது. கோழியும் அப்படித்தான். விருந்தாளி வந்துவிட்டால்கூட, அவரைக் கேட்காமல் அப்பிச்சி ஒரு கோழியைப் பிடிக்க முடியாது. தோட்டம் முழுக்க அப்பிச்சியின் சொல் நடந்தது. கோழிக்கூட்டின் முன்னால் மட்டும் அவர் நின்று அனுமதி கேட்டார்.

முட்டை, வெண்ணெய், வருஷத்துக்கு ரெண்டு வெள்ளாட்டுக் குட்டி, வரப்போரம் ஊன்றிய ஆமணக்கிலிருந்து உதிர்த்த கொட்டமுத்து, சோளத்துக்குள் ஊடுபயிராக விதைத்த தட்டைப்பயறு, கடலைக்காய் பிடுங்கி முடிந்த பிறகு மண்ணைக் கிளறிப் பொறுக்கிய காய். இவையெல்லாம் சேர்ந்ததுதான் அம்மாயியின் சிறுவாடு. நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்குமோ என்னவோ. பெண்கள் வீட்டுச் செலவுக்கு நடுவே தமக்கென்று ஒதுக்கிச் சேர்க்கும் காசு. எங்கள் அம்மாயியின் காசு கொள்ளுப் பானையின் அடியில் இருந்தது. அந்தப் பானையிலிருந்து கொள்ளு அள்ளும் வேலையை மட்டும் அவர் யாரிடமும் ஒப்படைத்ததில்லை.

1983-ஆம் வருஷக் கோடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை பொய்த்திருந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கி, மோட்டார் ரெண்டு மணி நேரம் ஓடினால் உறிஞ்சி முடித்துவிடும். இருந்த தண்ணீரில் முக்கால் ஏக்கர் கம்பு போட்டிருந்தார்கள். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. நாலு ஆட்கள் வடம் கட்டி மோட்டாரை மேலே இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். காங்கேயத்தில் காயில் கட்ட முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். அப்பிச்சி வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தெரிந்தவர்களிடம் கேட்டுவரப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். வேறெதுவும் பேசவில்லை.

அன்றிரவு அம்மாயி கொள்ளுப் பானையைப் பரணிலிருந்து இறக்கினார். கொள்ளை முறத்தில் கொட்டினார். கொள்ளோடு கொள்ளாகச் சில்லறைகளும் சுருட்டிய நோட்டுகளும் விழுந்தன. அரிக்கேன் வெளிச்சத்தில் நானும் அவரும் எண்ணினோம். எண்ணிக்கை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற பெருமையில் சத்தமாக எண்ண, அவர் என் வாயைப் பொத்தினார். மறுநாள் காலையில் துணியில் முடிந்த பணத்தை அப்பிச்சியின் பக்கத்தில் வைத்து, "ஏனுங்க, போன மாசம் நீங்க குடுத்து வச்சது, மறந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றார். அப்பிச்சி கொடுத்து வைக்கவில்லை என்று அவருக்கும் தெரியும், அம்மாயிக்கும் தெரியும், ஒன்பது வயதில் எனக்கும் தெரியும். "ஆமாமா" என்று சொல்லி எடுத்துக்கொண்டார்.

கம்பு பிழைத்தது. வைகாசியில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மெல்ல எழும்போது களத்தில் தூற்றினார்கள். முறத்தைத் தலைக்கு மேலே தூக்கி அம்மாயி சரிக்க, உமி பறந்து போகும், மணி நேராகக் காலடியில் விழும். காற்றின் வேகத்துக்கு ஏற்ப முறத்தைச் சாய்க்கும் அந்தக் கை அளவு யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. இன்று குண்டடம் பக்கம் அதே காற்றில் காற்றாலைகள் சுற்றுகின்றன.

அப்பிச்சி விவசாயிகள் சங்கத்தில் இருந்தார். மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகளால் நிரப்பிய போராட்டத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனதை, கடைசிக் காலம் வரை கதையாகச் சொல்வார். சொல்லும்போது அவருக்கு இருபது வயது குறைந்துவிடும். அந்த நாட்களில் தோட்டத்தில் வண்டியும் இல்லை, எருதும் இல்லை, ஆளும் இல்லை. மாட்டுத் தீவனத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று அம்மாயியைப் பின்னாளில் கேட்டேன். "தலைச்சுமைதான், வேறென்ன" என்றார். அவ்வளவுதான் அவருடைய போராட்டக் கதை. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானபோது, நன்றி சொல்லி ஊருக்குள் நடந்த கூட்டத்திலும் அவர் இல்லை. அன்றைக்கு எருமை கன்று போட்டிருந்தது.

பாட்டியைப் பற்றி எழுதும் பேரன்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறோம். அறுவடைக்குக் கூலிக்காரர் வளவிலிருந்து வந்த பெண்களுக்குக் கூலி கம்பாகவே போகும், வள்ளக் கணக்கில். அளப்பவர் அம்மாயி. வள்ளத்தின் தலையைத் தட்டிச் சமன் செய்யும் அந்தக் கை, உள்ளூர்ச் சம்பந்திக்கு அளக்கும்போது தட்டாது. அந்தப் பெண்களுக்குக் கூழ் ஊற்றியது தேங்காய்த் தொட்டியில். எனக்கு வட்டலில். என் வயதுப் பையன் ஒருவன் தன் அம்மாவோடு வருவான். நாங்கள் சேர்ந்து ஓணான் அடித்தோம், சேர்ந்து சாப்பிட்டதில்லை. தன் பேரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத அம்மாயிக்கும் கீழே ஆட்கள் இருந்தார்கள். இதை விட்டுவிட்டு அவருடைய கைப்பக்குவத்தை மட்டும் எழுதினால் அது பொய்.

அப்பிச்சி 1991-ல் போனார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் பங்குக்கு மனைவி, மகள், மகன் எல்லோரும் சமமான வாரிசுகள். இது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் விடுதலைப் பத்திரம் எழுதினார்கள். அம்மா கையெழுத்துப் போட்டார், அம்மாயி கைநாட்டு வைத்தார். பட்டா மாமா பேருக்கு மாறியது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் மிரட்டவில்லை. எல்லோரும் சந்தோஷமாக ஒப்புட்டு சாப்பிட்டோம். பெண்ணுக்கு நிலம் எதற்கு என்று அன்று யாரும் கேட்கக்கூட இல்லை, அவ்வளவு இயல்பாக அது நடந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குப் பொருந்தாது. அந்தத் தடை நீங்கியது 2005-ல், மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது. எங்கள் வீட்டுப் பத்திரம் அதற்குள் பீரோவில் பழுப்பேறியிருந்தது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டின் சாகுபடி நிலங்களை நடத்துபவர்களாகப் பதிவான பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பேர். காட்டில் இறங்கி எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு எவ்வளவு வேடிக்கையானது என்று தெரியும். நான் எழுதிய 'இல்லை'யும் அப்படி ஒரு கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் கடைசி வரை அம்மாயியை நன்றாகப் பார்த்துக்கொண்டார். கொரங்காட்டை மனையாக்கி விற்கச் சொல்லி ஆட்கள் வந்தபோதும் விற்கவில்லை. ஆனாலும் வயதான காலத்தில் அம்மாயி, ஒரு வெள்ளாட்டை விற்பதற்கு மகனிடம் கேட்டுக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கோழிக்கூட்டின் முன்னால் அப்பிச்சி நின்ற மாதிரி.

பட்டாவை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் போதும். உங்கள் வீட்டிலும் தோட்டத்து வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும் அம்மாவோ அம்மாயியோ அப்பத்தாவோ இருந்தால், ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லாவிட்டால், அவர் இருக்கும்போதே வீட்டில் பேச்சை எடுங்கள்.