ஓர் ஈற்று, இரு குணம்

ஒரே தாய் ஈன்றவையாயினும், ஒரு குட்டி துள்ளி வந்து காலைக் கவ்வும். மற்றது விறகுக் கட்டின் பின்னே பதுங்கும். துடியானதை அடித்து அடக்குவதும், பதுங்குவதைச் 'சாது' என விட்டுவிடுவதும் தோட்டத்து வீடுகளில் வழக்கம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

உண்மையில் கூடுதல் கவனத்திற்குரியது பதுங்கும் குட்டியே. ஒடுங்கிக் கிடப்பதைப் பிள்ளைகள் பிடித்திழுத்தால், தப்ப வழியின்றி அது கடித்துவிடும். 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை பழகியவற்றிற்கு நாய் பின்னாளில் எளிதில் அஞ்சுவதில்லை. ஆகவே, பால்மரம் சீவித் திரும்பியபின், அதனை மட்டும் வெளியே கொண்டுசென்று, மோட்டார் சைக்கிள் ஓசையையும் அயலார் முகத்தையும் தொலைவிலிருந்தே பழக்குங்கள். தானாக நெருங்கட்டும், இழுக்கலாகாது. உடன்பிறப்பும் கூடவே இருந்தால், அதன் முதுகுக்குப் பின்னே ஒளியவே கற்கும்.

துடியானதற்குப் பிரம்பு வேண்டா. கவ்வியவுடன் விளையாட்டை நிறுத்துங்கள், அமர்ந்தபின் சோறிடுங்கள். உணவுத் தட்டுகள் தனித்தனியே இருக்கட்டும்.

2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தோன்றியதை மறவாதீர். 3 மாதமானதும் இரு குட்டிகளுக்கும் அதற்கான தடுப்பூசி போடுங்கள். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருந்தகம் செல்லுங்கள்.