வேம்பின் கசப்பு: மருந்தா, நஞ்சா?

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி செல்லும் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பரும் தென்னையும் அடர்ந்திருக்கும். கிழக்கே தோவாளையைத் தாண்டினால் மழை குறைகிறது. கணவாய்க் காற்று வீசுகிறது. அந்த வறண்ட நிலத்தில் தயக்கமின்றிச் செழித்து நிற்பது வேப்பமரம். நீர் தேங்கும் மண் அதற்கு ஆகாது. வறட்சியோ அதற்குப் பொருட்டல்ல.

தாவரவியலார் இதனை 'அசாடிராக்டா இண்டிகா' என்பர். முதற்சொல் பாரசீக மொழியிலிருந்து வந்தது. 'ஆசாத் திரக்த்' என்றால் 'சுதந்திர மரம்' என்பது பொருள். மகோகனி மரம் சேர்ந்த மீலியேசிக் குடும்பமே வேம்பின் குடும்பமும் ஆகும்.

மாணவ நண்பர்களே! வேம்பு நல்ல மருந்து என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அது எந்த நோய்க்கு மருந்து? மரத்தின் எந்தப் பகுதி மருந்து? யாருக்கு, எவ்வளவு கொடுக்கலாம்? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் வேம்பைக் கையாண்டால் மருந்தே நஞ்சாகிவிடும். எவ்வாறு என்று காண்போம்.

ஆயுர்வேதம் கண்ட வேம்பு

1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டுடன் இணையும்வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ஆட்சியின் கீழும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. எனவே, இங்கே சித்த மருத்துவத்துடன் ஆயுர்வேதமும் வேரூன்றியது. இன்றும் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றில் இயங்கி வருகிறது.

ஆயுர்வேத நூல்களில் வேம்பின் பெயர் 'நிம்பம்'. அம்மருத்துவம் சுவைகளை ஆறாகப் பிரிக்கிறது. அவற்றுள் கசப்புக்குத் 'திக்தம்' என்று பெயர். கசப்புச் சுவை பித்தத்தையும் கபத்தையும் தணிக்கும், உடலைக் குளிர்விக்கும் என்பது அதன் கொள்கை. தோல் நோய், ஆறாத புண், வயிற்றுப் புழு ஆகியவற்றுக்கு வேம்பு பயன்படுத்தப்பட்டது.

சரக சம்ஹிதை மூலிகைகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து 50 தொகுதிகளாக வகுத்துள்ளது. அவற்றுள் நமைச்சலைப் போக்கும் தொகுதியில் சந்தனத்துடன் வேம்பும் இடம்பெறுகிறது. 'பஞ்சநிம்பம்' என்னும் சூரணத்தில் வேம்பின் வேர், பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஐந்தும் சேர்கின்றன. 'பஞ்சதிக்த கிருதம்' என்பது ஐந்து கசப்பு மூலிகைகளைச் சேர்த்துக் காய்ச்சும் நெய். வேம்பு, சீந்தில், ஆடாதோடை, கண்டங்கத்திரி, பேய்ப்புடல் என்பன அந்த ஐந்து.

ஒன்றைக் கவனித்தீர்களா? அக்கால வைத்தியர்கள் பொதுவாக 'வேம்பு' என்று சொல்லிவிட்டு நிற்கவில்லை. எந்தப் பகுதி, எதனுடன் சேர்த்து, எந்த நோய்க்கு என்று பிரித்துச் சொன்னார்கள்.

கசப்பின் இரசாயனம்

வேப்பம் பருப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு எண்ணெய் உண்டு. அதில் பெரும்பங்கு ஓலியிக் அமிலம் முதலிய கொழுப்பு அமிலங்களால் ஆனது. அதன் காரமான நாற்றத்துக்குக் கந்தகச் சேர்மங்கள் காரணம். கசப்புக்கு என்ன காரணம்?

1942-ஆம் ஆண்டில் விஞ்ஞானி சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்னும் கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். நிம்பம் என்ற பழம்பெயர் இவ்வாறு நவீன இரசாயனத்திலும் புகுந்தது.

1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று பயிர்களையும் மரங்களையும் மொட்டையாக்கியது. வேப்பமரங்களை மட்டும் அது தின்னவில்லை. இதனை ஜெர்மானியப் பூச்சியியலார் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கவனித்தார். 1968-இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் பூச்சிகளைத் தின்னவிடாமல் தடுக்கும் பொருளை வேப்பம் விதையிலிருந்து பிரித்தனர். அதுவே அசாடிராக்டின்.

இதன் ஒரு மூலக்கூறில் 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. மூலக்கூறு எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள், 720 வரும். நீரின் மூலக்கூறைப்போல் இது 40 மடங்கு! இதன் அமைப்பு 1985-இல்தான் தெளிவாயிற்று. ஆய்வுக்கூடத்தில் இதனைச் செயற்கையாக உருவாக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினர் 22 ஆண்டுகள் உழைத்து, 2007-இல் வெற்றி கண்டனர். வேப்பமரமோ ஆண்டுதோறும் ஓசையின்றி அதனைச் செய்துவருகிறது.

பூச்சி வளரும்போது தோல் உரிக்க வேண்டும். அதற்குரிய ஹார்மோனின் ஒழுங்கை அசாடிராக்டின் குலைக்கிறது. மனிதர் தோல் உரித்து வளர்வதில்லை. எனவே நமக்கு அந்தத் தீங்கு இல்லை. ஆனால், 'பூச்சிக்குத்தான் நஞ்சு, நமக்கு வேம்பில் எதுவுமே தீங்கில்லை' என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது!

அம்மையும் வேப்பிலையும்

அம்மை கண்டவர் படுக்கையில் வேப்பிலை பரப்புகிறோம். கொப்புளம் நமைக்கும்போது நகத்தால் சொறியாமல் இலைக்கொத்தால் மெல்ல வருடுவது நல்லதே. நமைச்சல் தணியும் என்ற பழைய கருத்தும் இதற்குப் பொருந்துகிறது. ஆனால், படுக்கையில் பரப்பிய இலை உடலுக்குள் இருக்கும் அம்மை வைரஸைக் கொல்வதில்லை. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வெற்றி தடுப்பூசியால் வந்தது.

அதுபோலவே, வேப்பிலைச் சாறு ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. தட்டில் நடப்பதெல்லாம் உடலிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது. உட்கொண்ட பொருள் குடலில் சிதைகிறது, கல்லீரலில் மாறுகிறது, இரத்தத்தில் கலந்து நீர்க்கிறது. ஆகையால்தான் நோயாளிகளிடம் முறைப்படி சோதித்த பின்னரே ஒன்றை மருந்து என்று ஏற்கிறார்கள்.

குழந்தைக்கு வேப்பெண்ணெய் வேண்டாம்

சளிக்கும் வயிற்று உபாதைக்கும் பச்சிளங்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. மலேசியாவில் இவ்வாறு எண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளைப் பற்றி 1981-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினர். வாந்தி, மயக்கநிலை, வேகமான மூச்சு, வலிப்பு ஆகியவை கண்டன. இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறியது. கல்லீரலும் மூளையும் தாக்குண்டன.

பெரியவருக்குச் சிறிதளவாகத் தோன்றுவது, சில கிலோகிராமே எடையுள்ள குழந்தைக்குப் பேரளவாகிவிடும். குழந்தையின் கல்லீரலும் இன்னும் முழு வலிமை பெற்றிருக்காது.

கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் வேம்பை மருந்தாக உட்கொள்ளக் கூடாது. நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர் அதனை நிறுத்திவிட்டு வேப்பங்கொழுந்தை நம்புவதும் தவறு.

நீங்களே செய்து பாருங்கள்

வேம்பையும் மலைவேம்பையும் பலர் ஒன்றாகவே எண்ணுகின்றனர். இரண்டிலும் ஒவ்வோர் இலையைப் பறித்து வாருங்கள். வேம்பில் நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் நேராக அமைந்திருக்கும். மலைவேம்பில் நடுக்காம்பு மீண்டும் கிளைத்து, அக்கிளைகளில் சிற்றிலைகள் இருக்கும். இரண்டையும் நோட்டில் ஒட்டிப் பெயர் எழுதி, வகுப்பில் காட்டுங்கள். எந்த மூலிகையானாலும் அடையாளம் காண்பதுதான் முதல் பாடம்.

அடுத்து, இன்றே வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். வேப்பெண்ணெய்ப் புட்டி எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அதன் மேல் 'உள்ளே கொடுக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தவறி எந்தக் குழந்தையாவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லச் சொல்லுங்கள்.