பிறர் மக்களும் தம் மக்களும்

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் முதியோர் வாக்கு. சீனாவில் ஆங்கிலம் போதிக்கப் புறப்படும் நம்மவர் விஷயத்தில் இவ்வாக்கு பலிக்குமா?

மேடவாக்கத்தில் தனியார் பள்ளிச் சம்பளம் கட்ட மத்தியதரக் குடும்பங்கள் திண்டாடுவதை நாம் அறிவோம். ஆயினும் இங்கே இலவச சர்க்கார் பள்ளிக்கூடம் உண்டு. தனியார் கட்டணத்துக்கு 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி வரம்பும் உண்டு. ஷாங்காயிலோ, சர்வதேசப் பள்ளிகள் பல, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 2 லட்சம் யுவானுக்கு மேல் கேட்கின்றன. நம் கணக்கில் அது 20 லட்சம் ரூபாயைத் தாண்டும். சீனச் சர்க்கார் பள்ளியில் செலவு சொற்பம். ஆனால் பாடமெல்லாம் சீன மொழியில்.

இதற்குப் பரிகாரம் ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கிறது. சர்வதேசப் பள்ளிகள் பல, தம் உபாத்தியாயர்களின் மக்களுக்குப் பள்ளிச் சம்பளத்தை முழுவதுமோ ஒரு பகுதியோ தள்ளிக் கொடுக்கின்றன. தனிப்பயிற்சி நிலையங்களில் இச்சலுகை அரிது. பள்ளிப் பாடங்களை லாபத்துக்குப் போதிக்கும் நிலையங்களைச் சீன சர்க்கார் 2021-இல் ஒடுக்கியும் விட்டது. மேலும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தேசத்தாரையே மொழியாசிரியராக அமர்த்துவது அங்கே பொது விதி. முறையான வேலை அனுமதியின்றிச் செல்பவருக்கு ஊதியமும் நிச்சயமில்லை. பிள்ளைகளின் படிப்பும் நிச்சயமில்லை.

ஆகையால், ஊதியத் தொகையை மட்டும் கண்டு மயங்கலாகாது. வேலை அனுமதியும், பிள்ளைகளின் கல்விச் செலவும் ஒப்பந்தத்தில் ஷரத்தாக எழுதப்பட்ட பின்னரே கையெழுத்திட வேண்டும். பிறர் மக்களுக்குப் போதிக்கச் சென்று தம் மக்களின் கல்வியை அடகு வைப்பது விவேகமாகாது.