கழற்றி மாட்டலாம், கட்டி எடுத்துப் போகலாம்!

"இங்கே வந்து பாரேன், உன் அலமாரி மூணு துண்டா வந்து இறங்கியிருக்கு!" என்று வாசலிலிருந்து என்னவர் குரல் கொடுத்தார். ஆறு வருஷத்தில் அது எங்களுக்கு நாலாவது வாடகை வீடு. லாரியில் கேசட்டுகள் சிதறிக் கிடந்தன. பதறிப் போய்த் தேடினேன். அம்மா 1984-ல் தன் குரலில் பதிந்த தாலாட்டு கேசட் கிடைத்தது. பெட்டிதான் உடைந்திருந்தது, நாடாவுக்குச் சேதமில்லை. இன்று அம்மா இல்லை. அந்தக் குரல்தான் மிச்சம்.

அன்றிரவே ஸ்கேலும் பேப்பருமாக உட்கார்ந்துவிட்டேன். ஸ்வீடனில் ஐகியா கம்பெனி 1956-லேயே மேஜையின் கால்களைக் கழற்றி, தட்டையாகக் கட்டி விற்றிருக்கிறது. நம்மால் முடியாதா என்ன?

முதலில் சுவரை அளக்காதீர்கள். வைக்கப் போகும் பொருளை அளங்கள். கேசட் பெட்டி உயரம் 11 செ.மீ., ஆழம் 7. சி.டி. பெட்டி உயரம் 12.5, ஆழம் 14. இசைத்தட்டு உறையோ 31.5 செ.மீ. சதுரம். மூன்றையும் ஒரே ஆழத்தில் அடுக்கியதுதான் பழைய அலமாரியில் நான் செய்த தப்பு. கேசட்டுக்குப் பின்னால் பாதி இடம் வீண்!

எனவே இரண்டு பகுதிகளாகப் பிரித்தேன். கீழே 33 செ.மீ. ஆழ, உயரமுள்ள பெட்டி, நடுவில் ஒரு தடுப்புடன். இசைத்தட்டுகளைப் படுக்க வைத்தாலும், சாய்த்து வைத்தாலும் வளைந்துவிடும். நேராக நிற்க வேண்டும். நூறு தட்டுகள் 20 கிலோவுக்கு மேல் கனக்கும், அதனால்தான் அடியில். அதன்மேல் 15 செ.மீ. ஆழமே உள்ள தட்டுகள்: சி.டி.க்கு ஒன்று, கேசட்டுக்கு மூன்று. உள் அகலம் 60 செ.மீ. இருந்தால் ஒரு வரிசையில் 34 கேசட், மொத்தம் நூறு அடங்கும். முழு உயரமும் ஒரு மீட்டருக்குள்தான்.

"ஆணியும் பசையும் வேண்டாம்ணே" என்றதும் தச்சர் சிரித்தார். "அப்போ எப்படிம்மா நிக்கும்?"

பிளைவுட் விளிம்பில் திருகாணியை அடிக்கடி கழற்றி மாட்டினால் பிடிப்பு விட்டுப் போகும். அதனால் போல்ட்டும் நட்டும் போடச் சொன்னேன். 18 மி.மீ. பிளைவுட். ஒவ்வொரு பலகைக்கும் மறைவாக ஓர் எண்.

மாட்டிப் பார்த்தால்... ஆடியது! தச்சர் தீப்பெட்டியை எடுத்து, உள்பெட்டியை உருவிவிட்டு அழுத்திக் காட்டினார். மேலுறை சப்பென்று சாய்ந்தது. "முதுகு இல்லேன்னா இப்படித்தாம்மா." பின்புறம் 6 மி.மீ. பலகை போட்டதும் அசையவில்லை.

குழந்தை உள்ள வீடுகளில் ஒன்றை மறக்காதீர்கள். எவ்வளவு குட்டையானாலும் அலமாரியைச் சுவரோடு எல்-ஆங்கிள் வைத்து முடுக்கிவிடுங்கள். தவழும் பிள்ளை பிடித்து ஏறும். வெயில் படும் இடமும் ஸ்பீக்கர் பக்கமும் வேண்டாம். காந்தம் கேசட்டுக்கு ஆகாது. மாற்றில்லாத பதிவைக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், நான் எடுத்துவிட்டேன்.

போன மாதம் ஐந்தாவது வீடு. பலகைகள் பழைய போர்வைக்குள் ஒரே கட்டாக வந்தன. முக்கால் மணி நேரத்தில் அலமாரி நின்றது. அன்றிரவு அம்மா பாட, என் மகள் தூங்கினாள்.